புற்றுக்காளானா, நாய்க்குடையா?

19 அக்டோபர் 2024, காலை 8.10 (கேள்வி)

"ராத்திரி நல்ல இடி. காலையில் பார்த்தால் பக்கத்துக் காலி மனையில் வெள்ளை வெளேரென்று இருபது காளான் பூத்திருக்கிறது. சிலது சாப்பாட்டுத் தட்டு அளவு. திருப்பூர் பக்கம் புது லேஅவுட் எங்களுடையது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் புற்றுக்காளான்தான் என்கிறார், சின்ன வயதில் கூடை கூடையாகப் பறித்தவராம். மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவைத்து, நிறம் மாறவில்லை என்றால் சாப்பிடலாம் என்கிறார். மூன்று படம் போட்டிருக்கிறேன். மதியக் குழம்புக்குள் யாராவது சொன்னால் நல்லது."

19 அக்டோபர், 8.40 (என் பதில்)

சமைக்க வேண்டாம்.

மூன்று படமும் மேலிருந்து எடுத்தவை. வெள்ளைக் குடை தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. ஒருவருடைய வழுக்கையை மட்டும் படம் எடுத்து அனுப்பி இவர் யார் என்று கேட்ட மாதிரி இருக்கிறது. ஒன்றைப் பிடுங்காமல் சுற்றிலும் தோண்டி முழுசாக எடுங்கள். குடையின் அடிப்பக்கம், தண்டு, தண்டின் அடி, இந்த மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். பக்கத்தில் கறையான் புற்று உண்டா என்றும் சொல்லுங்கள். மதியத்துக்கு ரசம் வைத்துக்கொள்ளுங்கள்.

19 அக்டோபர், 10.05

காலையில் அவசரத்தில் சுருக்கி எழுதிவிட்டேன். இப்போது வண்டி பஞ்சர், கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

புற்றுக்காளான் கறையான் வளர்க்கும் பயிர். சருகையும் மரத்தையும் மென்று விழுங்கி, வயிற்றுவழியாக வெளியே வந்ததை வைத்துக் கறையான்கள் புற்றுக்குள் பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டுகின்றன. அதில் பூசணம் வளர்கிறது. மரத்தைச் செரிக்கும் வேலையைப் பூசணம் பார்க்கிறது, கறையான் அதைத் தின்கிறது. சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்ட மாதிரி. மழை நன்றாக இறங்கியதும் அந்தக் கூட்டிலிருந்து காளான் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும்.

அதனால் அதற்கு இரண்டு அடையாளம் உண்டு. குடையின் நடுவில் கூர்மையாக, கெட்டியாக ஒரு முனை இருக்கும். மண்ணைக் குத்தித் திறக்கும் கடப்பாரை அது. எங்கள் ஆச்சி மூக்கு என்பாள். இன்னொன்று வேர். தண்டு மண்மட்டத்தோடு நிற்காது, மெலிந்துகொண்டே கீழே போகும். சின்ன வயதில் நான் ஒன்றைத் தோண்டப் போய், முழங்கை வரை கையை விட்டும் அடி தட்டவில்லை. ஆச்சி பின்னால் நின்று, "பாம்பு இருக்கும்லே, கையை எடு" என்று கத்தினாள். வேரைப் பிய்த்தால் அடுத்த வருஷம் பூக்காது என்றும் சொன்னாள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, எங்களை மிரட்ட நன்றாகப் பயன்பட்டது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். ஐப்பசி மழையில் இரண்டு நாள், மூன்று நாள்தான் அது கிடைக்கும். ஆச்சி விடியும் முன்பே போய்விடுவாள், எங்கே போகிறாள் என்று மருமகள்களுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். ஐம்பது வருஷம் பறித்தவள், ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. அதனால் உங்கள் மாமியாரைக் குறைத்துச் சொல்லவில்லை. படத்தைத்தான் குறைத்துச் சொன்னேன்.

19 அக்டோபர், 11.20

மஞ்சள் சோதனையை விட்டுவிட்டேனே. இடையில் வேறு ஒருவர் வந்து, "எங்கள் வீட்டில் வெள்ளி மெட்டியைப் போட்டு வேகவைப்போம், கறுத்தால் விஷம்" என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை தின்ற வெள்ளிக் கரண்டியும் கறுக்கும், அதற்காக முட்டை விஷமாகிவிடாது. காளானின் கொடிய விஷங்கள் மெட்டியை எதுவும் செய்யாது, மஞ்சளின் நிறத்தையும் மாற்றாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்பதும் கிடையாது. கல்லீரலைத் தின்கிற அந்த வகை விஷம் கொதித்தாலும் காய்ந்தாலும் அப்படியே இருக்கும். பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பதும் பொய். நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஆச்சியும் மஞ்சள் போட்டுத்தான் வேகவைப்பாள். அது சோதனையா சமையலா என்று நான் கேட்டதில்லை.

19 அக்டோபர், மாலை 4.15

புதுப் படங்கள் வந்தன, நன்றி. புற்று எதுவும் பக்கத்தில் இல்லை என்கிறீர்கள். மனையைப் போன வருஷம்தான் வண்டி வைத்துச் சமப்படுத்தினார்களாம். தண்டின் அடி உருண்டையாகத் தடித்து முடிந்துவிட்டது, வேர் இல்லை. குடையின் நடுவில் மூக்கும் இல்லை, பழுப்பாகச் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்டில் மேலே ஒரு வளையம், அதை நகர்த்தினால் நகர்கிறது என்கிறீர்கள். வளையம் இருந்தால் புற்றுக்காளான் இல்லை. முடிந்தது.

ஆனாலும் ஒரு வேலை செய்யுங்கள். நன்றாக விரிந்த குடை ஒன்றைத் தண்டில்லாமல் அறுத்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தை மூடி வையுங்கள். குடைக்கு அடியில் மீன் செவுள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறதே, அதிலிருந்துதான் காளானின் வித்து தூளாக உதிரும். காலையில் தாளில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அந்தத் தூளின் நிறம்தான் வேண்டும். தாளில் பாதியைக் கறுப்பாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

20 அக்டோபர், காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.

"வளையம் இருந்தால் புற்றுக்காளான் இல்லை" என்றேன். வளையம் உள்ள புற்றுக்காளான் உண்டு. அதுவும் எங்கோ ஆப்பிரிக்காவில் இல்லை, நம் தென்னிந்தியாவிலேயே. டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979இல் அதைத் தனி இனமாக எழுதிவைத்தார். புற்றுக்காளான்கள் எல்லாம் சேரும் டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தையே 1942இல் வகுத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் குடை, நடுவில் மூக்கு, தண்டில் நிலையாக வளையம், கீழே நீள வேர்.

ஆக என் ஒற்றை வரி விதி உடைந்தது. திருப்பூர்க் காளானைப் பற்றிய முடிவு மாறவில்லை, அதற்கு வேரும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனால் நான் சொன்ன காரணம் தப்பு. சரியான பதிலுக்குத் தப்பான வழியில் வந்ததற்குக் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறேன், இன்னும் புத்தி வரவில்லை.

20 அக்டோபர், 8.30

தாளின் படம் வந்துவிட்டது.

பச்சை!

தெளிவான மங்கல் பச்சை. பாசி பிடித்த சுவர் மாதிரி. இந்த நிறத்தில் தூள் கொட்டும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்றுதான் நம் பக்கம் எங்கும் கிடக்கிறது, குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்தரை, விளையாட்டு மைதானம், காலி மனை, எங்கே மண்ணைக் கிளறிப் புல் வைத்தாலும் மழைக்கு வந்து நிற்கும், சில சமயம் வட்டமாக. அமெரிக்காவில் காளான் தின்று வயிறு கெட்டவர்கள் அடிக்கடி சாப்பிட்டிருப்பது இதைத்தான். ஆளைக் கொல்வது அரிது, ஆனால் ஒரு ராத்திரி முழுக்கக் கழிவறையில் உட்காரவைக்கும்.

20 அக்டோபர், 9.45

"எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். தின்று பார்த்திருக்கிறேன்.

2016, ஆடி மாசம், கோவை. நானும் அறைத்தோழனும் வாடகை வீட்டில் இருந்தோம். எதிரே வேலி போட்ட மனை. சனிக்கிழமை காலையில் அதில் வெள்ளையாகக் குவிந்திருந்தது. நான் ஆச்சியின் பேரன் இல்லையா? ஏறிக் குதித்துப் பறித்தேன். அடியில் செவுளைத் திருப்பிப் பார்த்தேன், தும்பைப்பூ மாதிரி வெள்ளை. மூக்கு? இருந்த மாதிரி இருந்தது. மொட்டாக இருக்கும்போது எதற்குத்தான் நடுவில் மேடு இல்லை? வேரைப் பார்க்கவே இல்லை, பிடுங்கினேன், வந்தது. லேசாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இதன் தந்திரமே அதில்தான் இருக்கிறது. இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகத்தான் இருக்கும். வித்து முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். நாம் சமைக்க ஆசைப்படுவதோ இளசை.

மிளகு போட்டு வறுத்தோம். உண்மையைச் சொல்கிறேன், ருசியாக இருந்தது. ருசி எதையும் காட்டிக்கொடுக்காது. இரண்டு மணி நேரத்தில் எனக்கு வியர்த்தது, பிறகு வாந்தி, பிறகு இரண்டு பக்கமும். ராத்திரி ஒரு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். பணியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் இருக்கா?" இல்லை, சட்டியைக் கழுவிவிட்டோம், குப்பையையும் வண்டி எடுத்துப் போய்விட்டது. "எப்படி இருந்தது?" வெள்ளையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதே வறுவலைத் தின்ற அறைத்தோழனுக்கு லேசான வயிற்றுவலி மட்டும். நான் முனகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா தின்றான். ஆகவே "நாங்கள் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அது அவர்கள் வயிற்றைப் பற்றிய செய்தி, காளானைப் பற்றியது இல்லை.

20 அக்டோபர், இரவு 9.00

எனக்கு இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தது நல்லதுக்கு. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது வேடிக்கைக் கதையாகிவிடும்.

அமானிட்டா என்று ஒரு பேரினம். அதில் சில இனங்களில் உள்ள விஷம் உடம்பின் உயிரணு புதுப் புரதம் செய்யும் வேலையையே நிறுத்திவிடும். கல்லீரல்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். தின்று ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் வரை, சில சமயம் ஒரு நாள்கூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அப்புறம் ஒரு நாள் தேறிவிட்ட மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த நாளில்தான். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் சமைத்துத் தின்று சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். இருட்டும் முன் நாலு இலையோடு சேர்த்துப் பறித்து வந்து ராத்திரிச் சோற்றுக்குக் குழம்பு வைக்கிற சாதாரணப் பழக்கம்தான்.

சாப்பிட்டு நேரம் கழித்து வாந்தி வந்தால் அதிகம் பயப்பட வேண்டும், உடனே வந்தால் கொஞ்சம் குறைவாக. ஆனால் இந்தக் கணக்கையும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஒரே கூடையில் இரண்டு வகை இருந்தால் முதல் வகை சீக்கிரம் வாந்தி வரவைக்கும், இரண்டாவது பின்னால் தன் வேலையைப் பார்க்கும். 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் காளானோ குழம்போ வாந்தியோ, எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். சமைக்காத காளானைக் காகிதத்தில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் அழுகிக் கூழாகிவிடும்.

21 அக்டோபர், காலை 7.15

ஒருவர்: "அப்படியானால் தூள் வெள்ளையாக இருந்தால் அமானிட்டா, பச்சையாக இருந்தால் வயிற்றுப்போக்கு, இளஞ்சிவப்பாக இருந்தால் சாப்பிடலாம், சரியா?"

சரியில்லை. புற்றுக்காளான் தூள் வெளிர் இளஞ்சிவப்பு, வைக்கோல் காளான் தூளும் இளஞ்சிவப்பு, உண்மை. என்டோலோமா என்று ஒரு பெரிய கூட்டம், அதன் தூளும் இளஞ்சிவப்பு, அதில் விஷமானவை உண்டு. மறுபக்கம் சிப்பிக்காளான் தூள் வெள்ளை, கடையில் விற்கிறது. நிறம் எதையும் அனுமதிக்காது. சிலவற்றைக் கழித்துக் கட்டும், அவ்வளவுதான். வாசலில் நிற்கும் காவலாளி அடையாள அட்டை பார்ப்பது மாதிரி. அட்டை இல்லாதவனைத் திருப்பி அனுப்பலாம், அட்டை உள்ளவனெல்லாம் நல்லவன் என்று சொல்ல முடியாது.

நேற்று ஆர்வக்கோளாறில் கடையில் வாங்கிய டப்பாக் காளானையும் கவிழ்த்து வைத்தேன். ஒன்றும் விழவில்லை. எல்லாம் மொட்டு, திறக்கவே இல்லை. இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் சாக்லேட் நிறத்தில் கொட்டியிருக்கும், மனைவி என்னையும் சேர்த்துக் கொட்டியிருப்பாள்.

21 அக்டோபர், மதியம் 1.30

செயலியைப் பற்றிக் கேட்டார்கள். திருப்பூர்க்காரர் போட்ட படங்களைக் கைபேசிச் செயலி ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன். மேலிருந்து எடுத்த படத்துக்கு ஒரு பெயர், பக்கவாட்டுப் படத்துக்கு இன்னொரு பெயர், அவர் கட்டைவிரல் விழுந்த படத்துக்கு மூன்றாவது. பெயர்களைத் தெரிந்துகொண்டு போய்ப் படிக்க உதவும். அடுப்பு பற்றவைக்க உதவாது.

22 அக்டோபர், இரவு 10.40

சித்தியிடம் பேசினேன். முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆச்சி ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை என்று பெருமையாக எழுதினேன் இல்லையா? சித்தி சிரித்தாள். "ஏலே, உனக்கு யாரு சொன்னா? நான் அஞ்சாப்பு படிக்கையில வீடே வாந்தி எடுத்துக் கிடந்தோம்." யாரோ ஒருவர் தென்னந்தோப்பில் நிறையப் பூத்திருக்கிறது என்று சொல்ல, ஆச்சி போய்ப் பறித்துவந்திருக்கிறாள். தாத்தாவுக்கு மூன்று நாள் ஆனதாம் எழுந்து உட்கார. அதற்கப்புறம் ஆச்சி ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று புற்று. சுடலைமாடன் கோயிலுக்குப் பின்னால் ஒன்று, கிணற்று மேட்டில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று. வேறு எங்கே பூத்தாலும், எவ்வளவு அழகாகப் பூத்தாலும், நாய்க்குடை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள். விடியும் முன்பே யாருக்கும் தெரியாமல் போனதும் அந்த மூன்றுக்குத்தான்.

நான் இத்தனை நாள் ஆச்சிக்குக் காளான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தது மூன்று இடம். கோவையில் நான் வேலி ஏறிக் குதித்தபோது என்னிடம் மூக்கு, வெள்ளை என்று அவள் சொன்ன சொல்தான் இருந்தது, இடம் இல்லை. திருப்பூர் மாமியார் கூடை கூடையாகப் பறித்ததும் பொய்யாக இருக்காது. அது அவர் ஊர்ப் புற்று. புது மனையில் அந்த அறிவு செல்லாத நோட்டு.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் சீனாவிலிருந்து போய் அங்கே வேலை பார்த்த சமையல்காரர் ஒருவர் காளான் சமைத்தார். வைக்கோல் காளான் என்று நினைத்திருக்கிறார். அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் நட்ட ஓக் மரங்களோடு வந்து சேர்ந்த அமானிட்டா பாலாய்டிஸ். இளசில் இரண்டுக்கும் முட்டை ஓடு மாதிரி அடியில் ஒரு பை உண்டு. அவர் ஊரில் அந்தத் தோற்றத்துக்கு ஒரே அர்த்தம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். வைக்கோல் காளான் வைக்கோலில், குப்பையில், எருவில் வரும். மரத்தடி மண்ணில் பையோடு எழுந்து நிற்பதை "நம்ம ஊர்க் காளான்" என்று கட்டிக்கொள்ள வேண்டாம்.

23 அக்டோபர், காலை 9.10

மேலே எழுதியதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "பாட்டிமார் அறிவைக் கேலி செய்கிறீர்கள், அறிவியல்காரர்கள் வரும் முன்பே நமக்கு எல்லாம் தெரியும்."

கேலி இல்லை. தெரியும் என்பதற்கு நானே சாட்சி தருகிறேன். ஆம்பி என்பது காளானுக்குப் பழைய பெயர். சங்கப் பாட்டில் பாணன் வீட்டு வறுமையைச் சொல்லும்போது, பழஞ்சுவரைக் கறையான் அரித்துத் தள்ளிய புழுதியில் காளாம்பி பூத்தது என்று வருகிறது. கறையானும் புழுதியும் காளானும் ஒரே மூச்சில். எழுதியவர் உற்றுப் பார்த்திருக்கிறார். ஆனால் சுவரில் பூத்தது புற்றுக்காளான்தான் என்று நான் இதிலிருந்து நிரூபிக்கப் போவதில்லை. பசித்த வீட்டில் யாரும் அதைப் பறித்துத் தின்றதாகப் பாட்டில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்பதை மட்டும் இன்னும் விடமாட்டேன். இடியோடு வருவது மழை, மழையோடு வருவது காளான் என்று தெரியும். இருந்தாலும் ராத்திரி இடி கேட்டால் காலையில் கண் மண்ணைத்தான் பார்க்கிறது.

23 அக்டோபர், மாலை 6.00

இன்னொரு திருத்தம். என் விதிகள் நாளுக்கு ஒன்றாக உதிர்கின்றன.

வேர் இருந்தால்தான் புற்றுக்காளான் என்ற மாதிரி எழுதினேன். திண்டுக்கல்காரர் ஒருவர் படம் போட்டு, "எங்கள் அரிசிக்காளானுக்கு வேர் இல்லையே" என்கிறார். அவர் சொல்வது சரி. விரல்நுனி அளவில், நூற்றுக்கணக்கில் தரையில் அரிசி கொட்டிய மாதிரி வருவது. அதுவும் டெர்மிட்டோமைசிஸ்தான், மைக்ரோகார்ப்பஸ். கறையான் தன் கூட்டின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து மண்ணோடு பரப்பிப் போடும், அதில் முளைப்பதால் ஆழ வேர் தேவையில்லை. ஆனால் மூக்கு உண்டு, குட்டி மூக்கு.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன், புற்றில் முளைப்பதெல்லாம் புற்றுக்காளான் ஆகாது. வறண்ட பக்கங்களில் புற்றின் மேல் போடாக்ஸிஸ் என்று ஒன்று வரும், குடை விரியாமல் தடி மாதிரி நிற்கும், முற்றினால் உள்ளே கறுப்புத் தூள்.

"புற்றுக்காளானை ஏன் வளர்த்து விற்கவில்லை" என்ற கேள்விக்கு: பால் காளானைக் கொட்டகையில் வளர்க்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதில் ரகமே வெளியிட்டிருக்கிறது. இதை வளர்க்கக் கறையான் வேண்டும். கறையானை வளர்க்க யார் கடன் கொடுப்பார்கள்?

27 அக்டோபர், காலை 7.00

திருப்பூர்க்காரர் எழுதியிருக்கிறார். மாமியார் இரண்டு நாள் பேசவில்லையாம். பச்சைத் தாளைக் காட்டிய பிறகு, "எங்க ஊர்ல இது பச்சையாக் கொட்டாது" என்றாராம். அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதைத்தான் நான் இத்தனை நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3 நவம்பர், இரவு 8.20

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மழையும் வந்தது. இன்று விடிகாலை சித்தியும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். கையில் கம்பு. புற்று என்றால் பாம்பும் தேளும் இருக்கும், காளான் ஆசையில் அதை மறந்துவிடக் கூடாது.

கோயிலுக்குப் பின்னால் இருந்த புற்றைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டு, மஞ்சள் துணி கட்டி, முட்டை வைத்திருக்கிறார்கள். அங்கே தோண்டினால் நம்மைத் தோண்டிவிடுவார்கள். கிணற்று மேட்டுப் புற்றில் கறுப்பாக, மெல்லிசாக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது. சைலேரியா. கறையான் குடி போய்விட்டால் பராமரிப்பில்லாத கூட்டை அது பிடித்துக்கொள்ளும். சித்திக்கு அந்தப் பெயர் தெரியாது, பார்த்ததும் "இது செத்த புத்து" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஓடைக்கரையில் ஒன்பது இருந்தது.

நான் ஒன்றைச் சுற்றி மண்ணைக் கிளறிக்கொண்டே போனேன். ஒரு முழத்துக்கு மேல். தண்டு வெள்ளையிலிருந்து பழுப்பாகி, பென்சில் அளவுக்கு மெலிந்து, கடைசியில் ஒரு பஞ்சுக் கூட்டில் போய் நின்றது. கூட்டில் கறையான் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வயதில் முழங்கையோடு நிறுத்திய இடத்துக்கு நாற்பது வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். மண்ணைத் திரும்ப மூடினோம். சித்தி மீதியை வேரை விட்டு ஒடித்தாள், அவள் அம்மா மாதிரியே.

4 நவம்பர், காலை 6.10

தூள் அச்சு விழுந்துவிட்டது. வெளிர் இளஞ்சிவப்பு, கிட்டத்தட்டச் சந்தனத்துக்குப் பக்கத்தில். கவிழ்த்து வைத்த குடை அதற்குள் துவண்டு, புழு நெளிந்து, நாறத் தொடங்கிவிட்டது. புற்றுக்காளான் ஒரு நாள் தாங்காது. ராத்திரி முழுக்க அச்சுக்குக் காத்திருந்து மறுநாள் சமைக்கலாம் என்று நினைத்தால் அது இந்தக் காளானுக்கு ஆகாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்போது நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா" என்று கேட்பீர்கள். நேற்று மதியமே. தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிச் சித்தி வைத்த குழம்பு, அச்சு விழுவதற்கு பதினைந்து மணி நேரம் முன்னால். ஒரு காளானைக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "அது யாருக்குலே?" என்றாள். டாக்டருக்கு என்றேன்.